பொருள்: கோகோவில் 'சுப்போன்' – நீர்ப்போத்து சரிதானா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கோகோ கவாத்துக் குறிப்பைத் தமிழாக்கும்போது 'சுப்போன்' (chupon) வருமிடமெல்லாம் 'நீர்ப்போத்து' என்று போட்டிருக்கிறோம். எலுமிச்சைக்கு அது பொருந்தும். அங்கே அது வீண் வளர்ச்சி, கண்டதும் கிள்ளி எறியலாம். கோகோவின் வளர்ச்சி வேறு மாதிரி. விதைக்கன்று ஒற்றைத் தண்டாக நேரே ஏறும். 1 முதல் 1.5 மீட்டரில் நுனிமொட்டு நின்றுபோய், அங்கிருந்து 3 முதல் 5 விசிறிக்கிளைகள் சுற்றிலும் விரியும். அந்தக் கவட்டுக்குக் கீழே தண்டில் கிளம்பி மறுபடி நேரே ஏறுவதுதான் சுப்போன். விசிறிக்கிளையில் இலைகள் இரண்டே வரிசை. சுப்போனில் கன்றின் தண்டைப் போலவே சுருளாகச் சுற்றி வரும். விட்டுவைத்தால் பழைய கவட்டைத் தாண்டிப் போய் இரண்டாம் அடுக்குக் கவடு போடும்.

'நேர்ப்போத்து' என்று வைக்கலாமா?

---

> 'நேர்ப்போத்து' என்று வைக்கலாமா?

ஐயா, தோட்டத்தில் பழகிய சொல்லை ஏன் கலைக்க வேண்டும்? எப்படியும் பெரும்பாலும் ஒடிக்கத்தானே போகிறோம்? ஓரடுக்கு மரத்தில் இளசாக இருக்கும்போதே கையால் ஒடித்துவிட வேண்டும். முற்றவிட்டு அரிவாள் போட்டால் தண்டில் பூக்கள் கிளம்பும் மேடான பூத்திண்டு சிதையும்; அப்புறம் அந்த இடத்தில் பூவும் இல்லை, காயும் இல்லை. 'நீர்ப்போத்து, ஒடி' என்றால் யாருக்கும் புரியும்.

இன்னொன்று: நேர்ப்போத்து, நீர்ப்போத்து – ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். வாயால் சொல்லும்போது இரண்டும் ஒன்றாகத்தான் காதில் விழும்.

---

காதில் குழம்பும் என்பது சரி, அம்மா. ஆனால் பழைய சொல்லுக்கே திரும்ப முடியாது. ஒடிக்கக் கூடாத இடங்கள் இருக்கின்றன.

நிழல் போதாத இடத்தில் கவடு தாழ்வாக விழுந்துவிடும். கீழே புகுந்து வேலை செய்ய முடியாது. காய்கள் மண்ணை ஒட்டித் தொங்கி, மழைத்துளி தெறித்துக் கருங்காய் நோய் ஏறும். அப்போது கவட்டுக்குச் சற்றுக் கீழே திடமான சுப்போன் ஒன்றை மட்டும் விட்டு, மேலே புதுக்கவடு விரிந்தபின் பழைய விசிறிக்கிளைகளைச் சிறிது சிறிதாக எடுக்க வேண்டும். ஒரே நாளில் எடுத்தால் தண்டில் வெயில் சுட்டுப் பட்டை வெடிக்கும்.

மூப்படைந்த மரமோ கவடு பிளந்த மரமோ என்றால், தரையை ஒட்டி வந்த ஒன்றைத் தேர்ந்து, அடியில் மண் அணைத்துத் தனிவேர் விடச் செய்து, அது தாங்கும் நிலைக்கு வந்தபின் பழைய தண்டை அறுக்கிறோம். வரப்போகும் மரமே அதுதான். 'நீர்ப்போத்து' என்று படித்தவர் முதலில் அதைத்தான் ஒடிப்பார்.

ஒட்டுக்கண் எடுப்பதிலும் இதே சிக்கல். விசிறிக்கிளைக் கண் வைத்தால் கவடே இல்லாத புதர்ச்செடி வரும். சுப்போன் கண் வைத்தால் நேர்த்தண்டு வரும்.

என் பரிந்துரை: தண்டுப்போத்து.

---

தண்டுப்போத்துக்குச் சம்மதம். ஒரு நிபந்தனை மட்டும். ஒட்டுச்செடியில் ஒட்டுக்குக் கீழே கிளம்புவதும் இதே உருவத்தில்தான் இருக்கும். ஆனால் அது வேர்ச்செடியின், அதாவது ஒட்டைத் தாங்கும் அடிச்செடியின் வளர்ச்சி, விட்டால் ஒட்டு ரகத்தை அமுக்கிவிடும். அதற்கு 'வேர்ச்செடிப் போத்து' என்று தனிப்பதிவு போட்டு, பக்கத்திலேயே 'எப்போதும் நீக்குக' என்று எழுதிவிடுங்கள்.