புதுப்பிப்பு: வகிட்டில் மண்டை தெரிகிறது என்று கேட்டிருந்தேனே

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: வகிட்டில் முடி மெலிந்து மண்டை தெரிகிறது, திருவந்திபுரத்தில் அக்கா மகள் கல்யாணம், எப்படி மறைப்பது என்று. கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் கெரட்டின் ஃபைபர் வாங்கினேன். பொடிப்பொடியான இழைகள், நிலைமின்சாரத்தால் இருக்கிற முடியில் ஒட்டிக்கொள்ளும். முடியே இல்லாத இடத்தில் நிற்காது. எண்ணெய்த் தலையில் தூவினால் திட்டுத் திட்டாகிவிடும். தலைக்குக் குளித்து, நன்றாகக் காயவைத்துத் தூவியபோது வகிடு பாதியாகக் குறுகித் தெரிந்தது. ஆனால் நம்ம கடலூர்ப் புழுக்கம்! சில்வர் பீச்சில் அரை மணி நேரம் நடந்துவிட்டு நெற்றியை ஒற்றினால், வெள்ளைக் கைக்குட்டையில் மை தடவியது போல் கறுப்பு.

டாப்பர், அதாவது உச்சந்தலையில் கிளிப்பால் மாட்டுகிற முடித்துண்டு, வைத்தும் பார்த்தேன். கிளிப் பிடிக்கிற இடத்தில் இருக்கிற முடியையே இழுக்கிறது. அதன்மேல் மூன்று முழம் மல்லிகையும் ஏறினால் தாங்காது என்று விட்டுவிட்டேன்.

கடைசியில் கைகொடுத்தது, வேரின் நிறத்துக்குப் பொருந்தும் பளபளப்பில்லாத பவுடர்தான். ஸ்பாஞ்சால் தேய்க்காமல் ஒற்றி ஒற்றி வைத்தேன். வகிட்டையும் நேராக எடுக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் மாற்றினேன். விடிகாலை முகூர்த்தம் முதல் மதியப் பந்தி வரை அசையவில்லை. “தலைக்கு என்னடி போடுற, அடர்த்தியா இருக்கு?” என்று அக்காவே கேட்டாள். சொல்லிக்கொடுத்தேன்.

மினாக்ஸிடில் பற்றிக் கேட்டவர்களுக்கு: அது மறைப்புப் பூச்சு இல்லை, முடி வளர்வதற்கான மருந்து. தோல் மருத்துவரிடம் போனேன். முதலில் இரும்புச்சத்தும் தைராய்டும் பார்க்கச் சொல்லியிருக்கிறார். ரிசல்ட் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.