மாமனாரின் டிடி-214இல் விடுபட்ட பதக்கம்: செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். என் மாமனார் 1968-69இல் அமெரிக்க ராணுவ வீரராக வியட்நாமில் இருந்தவர். குண்டுச் சில்லு பாய்ந்த தழும்பு இடது முழங்காலுக்குக் கீழே இன்றும் இருக்கிறது. டிடி-214இல், அதாவது ராணுவத்திலிருந்து விலகும்போது தரும் பணிச் சான்றிதழில், வியட்நாம் சர்வீஸ் மெடல் இருக்கிறது, போரில் காயம்பட்டவர்களுக்குத் தரும் பர்ப்பிள் ஹார்ட் பதக்கத்தைத்தான் காணோம். அவரோ போகட்டும் விடு என்கிறார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

ராணுவப் பணிக் கோப்புகளை வைத்திருக்கும் செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்துக்கு எஸ்எஃப்-180 என்ற கோரிக்கைப் படிவம் அனுப்பி முழுக் கோப்பையும் கேட்டிருக்கிறோம். அங்கே 1973இல் நடந்த தீ விபத்தில் எரிந்த ராணுவக் கோப்புகள் 1960க்கு முன் விலகியவர்களுடையவை, அதனால் இவருடையது தப்பியிருக்கும். சிகிச்சைப் பதிவு கிடைத்தால் டிடி-214இன் பிழையைச் சரிசெய்யும் டிடி-215 திருத்தம் நேராகவே வருமா, இல்லை டிடி-149 என்ற விண்ணப்பம் போட்டு ராணுவ ஆவணத் திருத்த வாரியத்துக்குப் போகணுமா? அப்புறம், அன்று பக்கத்தில் இருந்த நண்பரின் சாட்சிக் கடிதம் எடுபடுமா? அவருக்கும் எண்பது நெருங்குகிறது, சீக்கிரம் வாங்கிவிட வேண்டும்.