நானோ அலுமினியத் தூள் ஏன் இவ்வளவு சீக்கிரம் பற்றிக்கொள்கிறது?

கயல், ஜூரோங் வெஸ்ட்:
அண்ணன், அக்காமாரே, சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் (என்டியு) மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். மைக்ரோ அளவு அலுமினியத் துகள் பற்ற ஏறக்குறைய 2,000 டிகிரி செல்சியஸ் வேண்டும், அதைவிடப் பல மடங்கு சிறிய நானோ துகளோ 660 டிகிரி பக்கத்திலேயே பற்றுகிறது என்று படித்தேன். உலோகம் ஒன்றுதானே?

முகிலன்:
எல்லாம் துகளின் மேலே இருக்கும் ஆக்சைடு ஓட்டின் வேலை, அதாவது அலுமினியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து உண்டாகும் படலம். சில நானோமீட்டர் தடிப்புதான், ஆனால் உருக 2,070 டிகிரி வேண்டும், அதனால் பெரிய துகளில் அது உருகும்வரை உள்ளே இருக்கும் அலுமினியம் காத்துக்கிடக்கும். நானோவில் 660-ல் உள்ளே உருகியதும் ஓடு வெடித்துச் சிதறுகிறது என்கிறார்கள் சிலர், அலுமினியம் ஓட்டின் ஊடாகக் கசிந்து வருகிறது என்கிறார்கள் வேறு சிலர். எனக்குக் கசிவுதான் பொருத்தமாகப் படுகிறது, வெடிப்புக்கு மிக வேகமாகச் சூடேற்ற வேண்டும்.

தேன்மொழி:
சரி, ஆனால் சின்னதாக்கினால் எல்லாமே லாபம் இல்லை தங்கச்சி. ஓட்டின் பங்கு கூடக் கூட எரியும் உலோகம் குறையும், அப்புறம் சூட்டில் துகள்கள் ஒட்டிக்கொண்டு பெரிதாகிவிடும். ஆனாலும் 2009-ல் அமெரிக்காவில் நானோ அலுமினியமும் பனிக்கட்டியும் கலந்த எரிபொருளில் ஒரு ராக்கெட் சுமார் 400 மீட்டர் பறந்தது, அதைத் தேடிப் படி.

முகிலன்:
ஆய்வகத்துக்குப் போனால் நிலைமின்சாரப் பாதுகாப்புப் பயிற்சி முடிக்காமல் தூளைத் தொடாதே. சின்னப் பொறியே போதும்.