வெல்டு இழுப்பைக் கம்ப்யூட்டர் முன்கூட்டியே சொல்லுமா?

பேட்டை பட்டறை:
பம்பைத் தாங்கும் மூன்று மீட்டர் இரும்புச் சட்டம் (பேஸ் பிரேம்) ஒன்று செய்தோம். டேக் அடித்தபோது, அதாவது அங்கங்கே புள்ளி வெல்டு வைத்துப் பிடித்தபோது, மட்டம் சரியாக இருந்தது. முழு வெல்டு போட்டு ஆறவிட்டுப் பார்த்தால், ஒரு மூலை 8 மி.மீ. தூக்கி நிற்கிறது. சூடு வைத்து நிமிர்த்தவே ஒரு நாள் போயிற்று. கம்ப்யூட்டரில் முன்கூட்டியே கணக்குப் போட்டுப் பார்த்தால் (சிமுலேஷன்) இதைத் தவிர்க்கலாம் என்கிறார்களே, உண்மையா?

வள்ளியூர் டிசைனர்:
உண்மைதான் அண்ணாச்சி. ஒரு மீட்டர் இரும்பு 100 டிகிரி சூடேறினால் 1.2 மி.மீ. நீளும். வெல்டு ஓரத்து இரும்பு நீளப் பார்க்கும், சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பு விடாது. அங்கேயே நசுங்கி, ஆறும்போது சுருங்கி, பிரேமையே இழுக்கும். எந்த வெல்டை முதலில் போட்டால் எந்த மூலை தூக்கும் என்று, சேனல் வெட்டும் முன்பே திரையில் பார்த்துவிடலாம். இந்தக் கணக்கைப் போடும் கால்குலிக்ஸ் மென்பொருள் இலவசம்தான்.

கங்கைகொண்டான் ஃபிட்டர்:
கணக்குக்கு எந்த அளவைக் கொடுப்பீர்கள் தம்பி? 120 ஆம்பியர், 25 வோல்ட், நொடிக்கு 3 மி.மீ. வேகம் என்றால் ஒரு மி.மீ. வெல்டுக்கு 1000 ஜூல் சூடு இறங்கும். வேகம் 2 ஆனால் 1500. சித்திரை மாதம், தகரக் கூரைக்குக் கீழே ராடு பிடிக்கிற பையனின் கை காலையில் ஒரு வேகம், மூன்று மணிக்கு வேறு வேகம். நடுவில் தொடங்கி வெளியே போங்கள், எதிரெதிர் பக்கம் மாற்றிப் போடுங்கள், எதிர்ப்பக்கம் கொஞ்சம் வளைத்துக் கிளாம்ப் போடுங்கள். போதும்.

வள்ளியூர் டிசைனர்:
அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு அண்ணாச்சி? அதற்குத்தான் கணக்கு. திரை 8 என்று சொல்லி நிஜத்தில் 6 வரலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரே அளவு சூட்டை வைத்து, வெல்டு போடும் நான்கு வரிசைகளை ஒப்பிட்டால் எது மோசம் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். வெல்டை நொடி நொடியாகத் தொடரவும் வேண்டாம். சின்னத் துண்டில் வெல்டு போட்டு, சுருக்கத்தை அளந்து, அதை முழு பிரேமில் ஏற்றும் சுருக்கு வழி இருக்கிறது. அந்தப் பையனின் கையும் அந்த அளவிலேயே வந்துவிடும்.

கங்கைகொண்டான் ஃபிட்டர்:
துண்டில் அளப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஒரே ஒரு பிரேமுக்கு இவ்வளவு வேலை தேவையில்லை என்றுதான் இன்னும் சொல்வேன். பேட்டைக்காரரே, முதலில் வெல்டின் அளவு பார்க்கும் கேஜை வைத்துப் பாருங்கள். 6 மி.மீ. ஃபில்லட் (மூலையில் போடும் முக்கோண வெல்டு) போதும் இடத்தில் 8 போட்டால் உலோகம் 1.8 மடங்கு இறங்கும். இழுப்பும் கூடும்.

பேட்டை பட்டறை:
இப்போதுதான் வைத்துப் பார்த்தேன். ட்ராயிங்கில் 6, தூக்கிய மூலையில் 9. அடுத்து இதே மாதிரி பன்னிரண்டு பிரேம் செய்ய வேண்டும். நாளை அதே பையனை விட்டுத் துண்டில் 6 போடச் சொல்லி, சுருக்கத்தை அளந்து அனுப்புகிறேன் தம்பி. ஃபிட்டர் அண்ணாச்சி சொன்ன வரிசையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.