சிங்கப்பூர், தென் கொரியா, கானா: டி.எஃப்.பி வளர்ச்சியை எந்த மாறியிலிருந்து எடுப்பது?

கேள்வி:
1960 முதல் 2019 வரை சிங்கப்பூர், தென் கொரியா, இந்தியா, கானா நாடுகளின் வளர்ச்சியில் தொழில்நுட்பத்தின் பங்கை டி.எஃப்.பி (மொத்தக் காரணி உற்பத்தித்திறன்; உழைப்பும் மூலதனமும் விளக்காத மிச்சம்) வழியாகக் கணக்கிட வேண்டும். தரவு பென் வேர்ல்ட் டேபிள் 10.01 (நாடுவாரி வருமான, உற்பத்தித் தரவுத் தொகுப்பு). அதில் 'சிடிஎஃப்பி' (ctfp) என்ற டி.எஃப்.பி மாறியின் லாக் வேறுபாட்டை எடுத்தால் சில நாடுகளுக்கு ஆண்டுக்காண்டு எண் தாறுமாறாகத் தாவுகிறது. மூலதனப் பங்கை (வருமானத்தில் மூலதனத்துக்குப் போகும் பகுதியை) எல்லா நாட்டுக்கும் 0.33 என்று வைக்கலாமா? மிச்சமாக வருவதைத் தொழில்நுட்பம் என்றே எழுதலாமா?

பதில் 1:
முதலில் மாறியை மாற்றுங்கள். சிடிஎஃப்பி ஒவ்வொரு ஆண்டும் அமெரிக்காவை 1 ஆக வைத்துக் கணிக்கப்பட்ட மட்டம். இரண்டு ஆண்டுகளுக்கு இடையே அதைக் கழித்தால் அமெரிக்காவோடு உள்ள இடைவெளி எவ்வளவு மாறியது என்பதுதான் வரும். பிபிபி (நாடுகளின் விலைவாசியைச் சமன் செய்யும் வாங்கும் திறன் சமநிலை) விலை மாற்றமும் உள்ளே கலந்துவிடும், தாவலுக்கு அது ஒரு முக்கியக் காரணம். காலப்போக்கிலான வளர்ச்சிக்கு 'ஆர்டிஎஃப்பிஎன்ஏ' (rtfpna; நிலையான தேசிய விலையில் டி.எஃப்.பி) எடுங்கள். அதில் எல்லா நாட்டுக்கும் 2017 = 1, ஆகவே நாடுகளின் மட்டத்தை ஒப்பிட அது உதவாது.

0.33 பற்றி: கானா, இந்தியா மாதிரி நாடுகளில் சிறு விவசாயி, கடைக்காரர் வருமானத்தில் உழைப்பும் மூலதனமும் சேர்ந்தே இருக்கும். சம்பளத்தை மட்டும் உழைப்பின் பங்காக எடுத்தால் மூலதனப் பங்கு வீங்கும், டி.எஃப்.பி சுருங்கும். பொருளியலாளர் டக்ளஸ் கோலின் 2002இல் இதைத் திருத்திக் கணித்தபோது பெரும்பாலான நாடுகளில் உழைப்பின் பங்கு 0.65 முதல் 0.80க்குள் வந்தது. அதனால் பொதுவான 0.33 தொடக்கத்துக்குப் பரவாயில்லை. 0.25, 0.40 வைத்தும் ஓட்டி, முடிவு எவ்வளவு அசைகிறது என்று காட்டிவிடுங்கள்.

மூலதனத்தை நீங்களே கட்டுவதாக இருந்தால் தொடக்க மதிப்பில் கவனம் வேண்டும். முதலீட்டை, வளர்ச்சி வீதமும் தேய்மானமும் கூட்டியதால் வகுப்பதுதான் வழக்கம். தேய்மானம் 6% என்றால், தொடக்கத்தில் விழுந்த பிழையில் 20 ஆண்டுக்குப் பிறகும் 29% ஒட்டிக்கொண்டிருக்கும். முடிந்தால் 1950இலிருந்தே கட்டிவிட்டு, முதல் பத்தாண்டை ஆய்வில் சேர்க்காமல் விடுங்கள்.

பதில் 2:
மேலே சொன்னதோடு ஒன்று. வழக்கமான சோலோ கணக்கே (வளர்ச்சியிலிருந்து உழைப்பு, மூலதனத்தின் பங்கைக் கழித்து மிச்சத்தை எடுக்கும் முறை) தொழில்நுட்பத்தின் பங்கைக் குறைத்துத்தான் காட்டும். மூலதனப் பங்கு 1/3, டி.எஃப்.பி ஆண்டுக்கு 2% வளர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சீரான பாதையில் தலா உற்பத்தியும் தலா மூலதனமும் 3% வளரும். சோலோ கணக்கு அந்த மூன்றில் ஒன்றை மூலதனத்துக்குக் கொடுத்துவிடும். ஆனால் அந்த மூலதனம் சேர்ந்ததே தொழில்நுட்பம் வளர்ந்ததால்தான். தலா மூலதனத்துக்குப் பதில் மூலதனம்–உற்பத்தி விகிதத்தை 0.5 அடுக்கோடு போட்டால் 3% முழுவதும் தொழில்நுட்பத்தின் கணக்கில் வரும். இரண்டு அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

சிங்கப்பூரை மட்டும் தனியாகப் பாருங்கள். 1966–90க்கு பொருளியலாளர் ஆல்வின் யங் 1995இல் கண்ட டி.எஃப்.பி வளர்ச்சி ஆண்டுக்கு வெறும் 0.2%. அது சரியென்றால், அவ்வளவு மூலதனம் குவிந்ததில் மூலதன வருவாய் சரிந்திருக்க வேண்டும். இன்னொரு பொருளியலாளர் சாங்-தாய் ஷே 2002இல் சந்தை விலைகளைப் பார்த்தார், அந்தச் சரிவு அங்கே தெரியவில்லை. கூலி வளர்ச்சியையும் மூலதன வாடகை வளர்ச்சியையும் அவற்றின் பங்கால் பெருக்கிக் கூட்டும் இந்த 'டூயல்' முறையில் சிங்கப்பூரின் எண் வெகுவாக உயர்கிறது. தென் கொரியாவுக்கு இரண்டு முறையும் அருகருகே வருகின்றன. இரண்டும் விலகும் நாட்டில் தேசியக் கணக்கின் முதலீட்டு எண்ணைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

கேட்டவர்:
நன்றி. அப்படியானால் மிச்சத்தை விட்டுவிட்டுத் தொழில்நுட்பத்தை நேரடியாக அளக்க வழி உண்டா?

பதில் 3:
உண்டு, அளக்கத்தான் வேண்டும். 1998 நெருக்கடியில் தென் கொரியாவின் ஜிடிபி சுமார் 5% விழுந்தது, மிச்சமும் கூடவே விழுந்தது. இயந்திரங்கள் சும்மா நின்றதைத்தான் அது காட்டுகிறது. ஆலைகளின் தொழில்நுட்ப அறிவு அந்த ஓராண்டில் குறையவில்லை.

பொருளியலாளர்கள் கொமின், ஹோபெய்ன் தொகுத்த 'சாட்' (CHAT) என்ற தொழில்நுட்பப் பரவல் தரவில் டிராக்டர், தொலைபேசி, மின்சாரம் போன்றவை நாடுவாரியாக, பலவற்றுக்கு 19ஆம் நூற்றாண்டிலிருந்தே உள்ளன. தலா அளவை லாக்கில் வரைந்து அமெரிக்க வளைவோடு ஒப்பிடுங்கள். வளைவு வலப்பக்கம் நகர்ந்திருந்தால் அது தாமதம். கீழே இறங்கியிருந்தால் பரவல் குறைவு. இரண்டையும் தனித்தனியாக மதிப்பிட வேண்டும். அவர்கள் 2010இல் 15 தொழில்நுட்பங்கள், 166 நாடுகளுக்குக் கணித்த சராசரித் தாமதம், கண்டுபிடிப்பிலிருந்து எண்ணினால், 45 ஆண்டு. புதிய தொழில்நுட்பங்களில் தாமதம் குறைந்துகொண்டே வருகிறது. பரவலில் உள்ள இடைவெளியோ விரிந்திருக்கிறது. செல்போன் ஒரு நாட்டுக்குள் வந்த ஆண்டை மட்டும் மாதிரியில் போட்டால் இந்த இரண்டாவது பாதி கண்ணில் படாது.

தரைவழித் தொலைபேசி செல்போனால் சரிந்ததைப் பின்னடைவு என்று மாதிரி எடுத்துக்கொள்ளும், அந்தத் தொடரைச் சரிவுக்கு முன்பே வெட்டிவிடுங்கள். பணக்கார நாடு எதையும் கூடுதலாக வாங்கும் என்பதால் வருமான விளைவையும் கழிக்க வேண்டும்.

ரிக்ரஷனுக்கு (மாறிகளுக்கு இடையிலான தொடர்பை மதிப்பிடும் புள்ளியியல் முறை) ஐந்தாண்டு சராசரி எடுங்கள். அப்போது கிடைப்பது 12 காலகட்டங்கள்தான். நாட்டு நிலை விளைவோடு (ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு மாறாத தனி எண்) முந்தைய கால வருமானத்தையும் சேர்த்தால் நிக்கல் சார்பு (காலகட்டங்கள் குறைவாக இருக்கும்போது மதிப்பீட்டில் விழும் பிழை) வந்து, நாடுகள் தம் நீண்டகால வருமான நிலையை நெருங்கும் ஒருங்கிணைவு வேகத்தை மிகைப்படுத்தும். நான்கு நாடுகளை வைத்து அதைத் திருத்த முடியாது. ரிக்ரஷன் கட்டாயம் என்றால் தரவிலுள்ள எல்லா நாடுகளையும் சேருங்கள், இந்த நான்கையும் கணக்கீட்டு அட்டவணையில் தனியாகக் காட்டுங்கள்.