மஞ்சக்குப்பம் வீட்டார் குழு

பெரியப்பா: எல்லோருக்கும் வணக்கம். மஞ்சக்குப்பம் வீட்டை அருள் பெயருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதப்போகிறேன். வியாழக்கிழமை பதினோரு மணிக்குப் பத்திரப்பதிவு அலுவலகத்தில் டோக்கன். சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும். ஆதார் அட்டையோடு வரவும்.

வேணி சித்தி பாரீஸ்: இனிய செவ்வாய்க்கிழமை 🌹🌹

கயல்: நான் வருகிறேன் பெரியப்பா. அருள் அண்ணாவுக்கு வாழ்த்துகள். செலவு எவ்வளவு ஆகும்?

பெரியப்பா: குடும்பத்துக்குள் எழுதுவதால் முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம், ஆனால் 40,000-க்கு மேல் போகாது. பதிவுக் கட்டணமும் ஒரு சதவீதம், உச்சவரம்பு 10,000. எழுத்தர் கூலி தனி.

கயல்: வீடு ஒரு கோடி பெறும். செம்மண்டலத்தில் நான் 22 லட்சத்துக்கு மனை வாங்கினேனே, தீர்வை 7 சதவீதம், பதிவு 2 சதவீதம் என்று 1,98,000 கட்டினேன். அதையும் கடன் வாங்கித்தான்.

கயல்: கோடிக்கு ஐம்பதாயிரம், 22 லட்சத்துக்கு இரண்டு லட்சம். உழைத்து வாங்கினால் ஒரு ரேட், பிறந்து வாங்கினால் ஒரு ரேட் 🙂

அருள் அண்ணா: அப்பா கொடுப்பதும் நீ மனை வாங்குவதும் ஒன்றா கயல்? மாடி முழுக்க அப்பாவின் பி.எஃப். பணம். அவர் சம்பளத்துக்கு வரி கட்டிவிட்டார், வீட்டு வரியும் கட்டுகிறார். செத்தாலும் கட்ட வேண்டுமா?

பெரியப்பா: அப்படியும் ஒரு வரி இருந்தது. எஸ்டேட் டூட்டி. 1953-ல் வந்தது. கடைசியில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட சொத்துக்கு 85 சதவீதம். வசூலோ நாடு முழுக்கச் சேர்த்து 20 கோடி அளவுதான். 1985 பட்ஜெட்டில் நிதியமைச்சர் வி.பி. சிங் எடுத்துவிட்டார். பெரிய ஆள் டிரஸ்ட் எழுதித் தப்பித்துவிடுவான், ஆடிட்டர் வைக்கத் தெரியாதவன்தான் மாட்டுவான்.

கயல்: ஓட்டை இருந்தால் அடைக்கலாமே. வரியையே எடுத்துவிட்டால் எப்படி? இன்றைக்கு ஆயிரம் கோடி ரூபாய்ப் பங்குகள் மகன் கைக்குப் போனாலும் வாரிசு வரி பைசா கிடையாது. 2022-23-ல் நாட்டுச் சொத்தில் 40 சதவீதம் மேலே உள்ள ஒரு சதவீதம் பேரிடம் இருந்தது என்று உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் கணக்குப் போட்டது. 10 கோடிக்கு மேல் இருந்தால் மட்டும் வரி போடலாம் என்றுதான் அவர்களும் சொல்கிறார்கள். நம் வீடு அதில் வராது, பயப்படாதீர்கள்.

அருள் அண்ணா: வராது என்றால் பிறகு எதற்கு என்னைக் குத்துகிறாய்?

கயல்: குத்தவில்லை அண்ணா. நீங்கள் நான்கு வருஷம் குரூப் 2-க்குப் படித்தீர்கள். வாடகை இல்லை, சாப்பாட்டுக் கவலை இல்லை, மூன்றாவது முறை கிடைத்தது. நான் முதல் முறை ஏழு மார்க்கில் விட்டேன். அடுத்த வாரமே சிப்காட்டில் ஷிப்ட் வேலைக்குப் போனேன். நெல்லிக்குப்பம் நிலம் அப்பா வைத்தியத்துக்குப் போனது உங்களுக்குத் தெரியும்.

அருள் அண்ணா: தெரியும் கயல்.

அருள் அண்ணா: *இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

பாரீஸ் சித்தப்பா: இப்போதுதான் எழுந்தேன். 64 செய்தி என்றதும் யாரோ போய்விட்டார்கள் என்று பயந்துவிட்டேன். இங்கே கதையைக் கேளுங்கள். பிள்ளைக்கு விட்டுப் போனால் ஆளுக்கு ஒரு லட்சம் யூரோ வரை வரி இல்லை, அதற்கு மேல் படிப்படியாக 45 சதவீதம் வரை ஏறும். எனக்குத்தான் பிள்ளை இல்லையே. பிளாட்டைக் கயலுக்கு எழுதினால், அண்ணன் மகள் என்பதால் 7,967 யூரோ போக மீதிக்கு 55 சதவீதம்!

கயல்: சித்தப்பா, மீதி 45 சதவீதத்துக்கு நான் ஒன்றும் சொல்ல மாட்டேன் 😄

பெரியப்பா: பார்த்தாயா, வாரிசு வரி என்று அவ்வளவு பேசினாய்!

பாரீஸ் சித்தப்பா: சிரிக்காதீர்கள் அண்ணா. பெரிய சொத்து எது தெரியுமா? 1962 ஆகஸ்ட் 16-ல் புதுச்சேரியைப் பிரான்ஸ் இந்தியாவிடம் ஒப்படைத்த ஒப்பந்தம் அமலானபோது, பிரெஞ்சு நேஷனாலிட்டி வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். முத்தியால்பேட்டையில் வேணியின் தாத்தா எழுதிக் கொடுத்தார். அடுத்த வீட்டுக்காரர் எதற்கு வம்பு என்று விட்டுவிட்டார். இவர் பேரப்பிள்ளைகள் ஐந்து பேரும் இங்கே இருக்கிறோம், வேணியைக் கட்டியதால் நானும். அவர் பேரன் போன மாதம் மூன்றாவது முறையாக விசா நிராகரிக்கப்பட்டு எனக்குப் போன் செய்தான். அந்தக் கையெழுத்துக்கு யார் எந்த வரியைப் போடுவது?

வேணி சித்தி பாரீஸ்: என் தாத்தாவை எதற்கு இழுக்கிறீர்கள்? ரோஜாவுக்கு ஒருத்தரும் பதில் போடவில்லை.

செல்வி அத்தை: படித்துக்கொண்டே இருந்தேன். நானும் ஒன்று சொல்லட்டுமா?

செல்வி அத்தை: 1991. அப்பா உயில் எழுதாமல் போய்விட்டார். அவர் சொந்தமாக வாங்கிய வீடு, எனக்கும் ஒரு பங்கு உண்டு. அண்ணன் மாம்பழக் கலரில் பட்டுச்சேலை எடுத்துக்கொண்டு லாஸ்பேட்டைக்கு வந்தார். "சும்மா ஒரு விடுதலைப் பத்திரம் செல்வி, பட்டா மாற்ற வேண்டும்" என்றார். என் பங்கை விட்டுக்கொடுத்ததாக எழுதும் பத்திரம் அது. அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டுதான் கடலூர் வந்தேன். பெருவிரலில் மை தடவி உருட்டினார்கள். துடைக்கத் துணி கேட்டேன், தேடினார்கள், கிடைக்கவில்லை.

செல்வி அத்தை: 📷 சேலைத் தலைப்பு. அந்த நீலக் கறைதான். எலுமிச்சை தேய்த்தேன், பெட்ரோல் போட்டேன், போகவில்லை.

செல்வி அத்தை: எஸ்டேட் டூட்டி 85 சதவீதம் என்று சொன்னீர்களே அண்ணா. என்னிடம் நூறு சதவீதம் வசூல் செய்தீர்கள். உங்களுக்கு ஆடிட்டர்கூடத் தேவைப்படவில்லை.

பாரீஸ் சித்தப்பா: நானும்தானே எழுதிக் கொடுத்தேன் செல்வி.

செல்வி அத்தை: நீ விமானம் ஏறப்போகிற அவசரத்தில் கொடுத்தாய். நான் கொடுத்துவிட்டு வாடகை வீட்டுக்குப் போனேன். பெரியவளுக்கு என்ஜினீயரிங் சீட் கிடைத்தும் பணம் கட்ட முடியாமல் பி.எஸ்சி. சேர்த்தேன். அந்த வருஷம் இந்த வீட்டு மாடியில் கிரகப்பிரவேசம். நான்தான் பால் காய்ச்சினேன்.

கயல்: அத்தை 😔

அருள் அண்ணா: அத்தை, சத்தியமாக எனக்கு இது தெரியாது. பாகப்பிரிவினை எப்போதோ முடிந்துவிட்டது என்றுதான் அப்பா சொல்வார்.

பெரியப்பா: அன்றைக்கு எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்தார்கள். நான் மட்டும் புதிதாகச் செய்யவில்லை. உன் மகள் சடங்குக்கு ஐந்து தட்டு சீர் வைத்தேன்.

செல்வி அத்தை: வைத்தீர்கள். கணக்கு வைத்திருக்கிறீர்களா என்று பார்த்தேன், வைத்திருக்கிறீர்கள்.

வேணி சித்தி பாரீஸ்: 🙏

(மாலை)

பெரியப்பா: அருள், வியாழக்கிழமை டோக்கனை ரத்து செய்துவிடு. வேறு தேதி பிறகு எடுக்கலாம். கயல், சாட்சிக்கு இப்போது வர வேண்டாம்.

அருள் அண்ணா: அப்போதே ரத்து செய்துவிட்டேன் அப்பா.

பெரியப்பா: செல்வி, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. பழைய பத்திரத்தை எடுத்து வைக்கிறேன். நான் ஒன்றும் வாக்குக் கொடுக்கவில்லை, பேசலாம் என்கிறேன்.

செல்வி அத்தை: வருகிறேன். கிணற்றடிப் பலா காய்த்திருக்கிறதா?

பெரியப்பா: நான்கு பழுத்திருக்கிறது.

செல்வி அத்தை: அதை வைத்தது நான். வெட்டாமல் வையுங்கள்.