கர்நாடக சங்கீதம் கேக்கப் பழக நல்ல தொடக்கப் புத்தகம் எது?

கனகராயன்:
வணக்கம். பாடப் பழகுற எண்ணம் இல்லை. ஒரு கச்சேரியில என்ன நடக்குது எண்டு விளங்கிக் கேட்டாக் காணும். கிளிநொச்சிக் கடையளில கேட்டா வட இலங்கை சங்கீத சபைச் சோதினைக்கான வினா-விடைப் புத்தகங்களைத்தான் எடுத்துத் தருகினம். அதில ஆரோகண அவரோகணத்தை (ராகத்தின்ரை ஸ்வரங்கள் ஏறுற, இறங்குற ஒழுங்கை) பாடமாக்கினாலும் பாட்டுக் கேக்கேக்க ராகம் பிடிபடுதில்லை. தாளமும் நாலு சுற்றுக்குள்ள விட்டுப் போகுது. என்ன புத்தகம் வாங்கலாம், எந்த ஒழுங்கில போகலாம் எண்டு தெரிஞ்சவை சொல்லுங்கோ.

சுருதிப்பெட்டி:
தம்பி, கடையில கிடைக்கிறது பிழையான புத்தகம் இல்லை. வேற ஆளுக்கு எழுதினது, அவ்வளவுதான். ஏ.எஸ். பஞ்சாபகேசய்யரின் கானாம்ருத போதினியை எடுங்கோ. சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம் எண்டு ஸ்வரப்படுத்தித் தந்திருக்கிற அருமையான பாடப்புத்தகம். ஆனால் ஆசிரியருக்கு முன்னால இருந்து பாடுற பிள்ளைக்குரியது. அடுத்ததா யாராவது ஆபிரகாம் பண்டிதரின் கருணாமிர்த சாகரம் (1917), விபுலாநந்த அடிகளின் யாழ் நூல் (1947) எண்டு சொல்ல வருவினம். ரெண்டும் பெரிய ஆராய்ச்சி நூல்கள். ஐஞ்சு ராகம் காதில நிக்கிறதுக்கு முன்னம் திறந்தால் பத்தாம் பக்கத்தில மூடிவிடுவீங்கள்.

கேக்கிற ஆளுக்குப் புத்தகம் தெரிவு செய்ய ஒரு சோதினை இருக்கு. ராகங்களைப் பற்றின அதிகாரத்தைத் திறந்து பாருங்கோ. ஆரோகணம், அவரோகணம், எத்தினையாவது மேளம் (தாய் ராகம்) எண்டு மட்டும் இருந்தால் வையுங்கோ. 'இந்தக் கிருதியைக் கேள், இந்த இடத்தில இந்தப் பிடி (ராகத்தைக் காட்டுற ஸ்வரச் சேர்க்கை) வரும்' எண்டு சொன்னால் வாங்குங்கோ. அப்பிடி ஒண்டும் கைக்கு வரும்வரைக்கும் தேசிய கல்வி நிறுவகத்தின்ரை கர்நாடக சங்கீத ஆசிரியர் வழிகாட்டிகள் காணும். இணையத்தில காசில்லாமல் இறக்கலாம்.

ஒழுங்கு எண்டால் முதல் சுருதி. தம்புரா செயலி ஒண்டைப் போட்டு, கேக்கப் போற பாட்டின்ரை கட்டைக்கு (சுருதியின்ரை உயரத்துக்கு) வையுங்கோ. ஆண் குரல் பெரும்பாலும் 1 முதல் 2 கட்டைக்குள்ள, பெண் குரல் 5, 5½ அளவில நிக்கும். பாட்டுத் தொடங்க முன்னம் ஒரு நிமிசம் ஸட்ஜத்தை ('ஸ') பிடிச்சு முணுமுணுங்கோ. இதைத் தாண்டிப் போகாதேங்கோ. காரணம் இது: மோகனத்தின்ரை ஸ ரி க ப த எண்ட அதே ஐஞ்சு இடங்களையும் வைச்சுக்கொண்டு, ரிஷபத்தை (ரி) ஸட்ஜமா எடுத்தால் மத்தியமாவதி, காந்தாரத்தை (க) எடுத்தால் இந்தோளம், பஞ்சமத்தை (ப) எடுத்தால் சுத்தசாவேரி, தைவதத்தை (த) எடுத்தால் சுத்ததன்யாசி. கீபோட்டில அழுத்துற கட்டை ஒண்டுமே மாறுறதில்லை. ஆதாரமா நிக்கிற ஸட்ஜம் காதில இல்லாட்டில் எந்த ராகம் எண்ட கேள்விக்கே இடமில்லை. ஆரோகணத்தைப் பாடமாக்கியும் உங்களுக்குப் பிடிபடாததுக்கு இதுதான் முதல் காரணம்.

பிறகு ராகங்களைச் சோடி சோடியாக் கேளுங்கோ. 72 மேளகர்த்தா அட்டவணையை இப்ப தொடவேண்டாம். மோகனமும் ஹம்சத்வனியும் ஒரு சோடி: ஸ ரி2 க3 ப வரை ஒண்டுதான், அதுக்கு மேல மோகனத்தில த2, ஹம்சத்வனியில நி3 (எண், அந்த ஸ்வரத்தின்ரை எந்த வகை எண்டு காட்டுறது). 'நின்னுக்கோரி' வர்ணத்தையும் 'வாதாபி கணபதிம்' கிருதியையும் மாறி மாறிப் போட்டால் ரெண்டு கிழமையில காது பிரிச்சுவிடும். அடுத்தது சங்கராபரணமும் கல்யாணியும், மத்திமம் (ம) மட்டும்தான் வித்தியாசம். அதுக்குப் பிறகு ஆரபியும் தேவகாந்தாரியும். இந்த ரெண்டுக்கும் ஏறுறதும் இறங்குறதும் ஒண்டே. ஆரபி விறுவிறுப்பா, ஸ்வரங்கள் வெட்டின மாதிரித் தெளிவா வரும். தேவகாந்தாரி ஆறுதலா அசைஞ்சு, கமகத்தோட (ஸ்வரத்தை அசைச்சுப் பாடுறது) இழுபடும். ஆரோகணம் ராகத்தின்ரை எலும்புக்கூடு மட்டும்தான் எண்டு அந்த இடத்தில தானா விளங்கும்.

தாளத்துக்கு ஆதி தாளம் ஒண்டே போதும். ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டு-வீச்சு, தட்டு-வீச்சு. மொத்தம் 8. விட்டுப் போறதுக்கு மூண்டு காரணம் இருக்கு. பாட்டு சமத்தில (முதல் தட்டில) எடுக்காமல் அரை இடமோ முக்கால் இடமோ தள்ளி எடுக்கும், நீங்கள் முதல் சொல்லையே முதல் தட்டா நினைப்பீங்கள். அல்லது ரெண்டு களையில போகும், ஒவ்வொரு எண்ணிக்கையையும் ரெண்டு தரம் போடவேணும், நீங்கள் ஒருக்காத்தான் போடுவீங்கள். மூண்டாவது, மிருதங்கத்தின்ரை அடியோட கையும் போறது. மிருதங்கக்காரர் தாளத்தைக் காட்டுறேல்லை, அதுக்குள்ள விளையாடுறார். பாடுறவரின்ரை கை தெரியிற காணொளியாப் பார்த்து, ஆதி தாள வர்ணத்தில தொடங்குங்கோ. 'நின்னுக்கோரி' சமத்திலயே எடுக்கும், பல்லவி சரியா ரெண்டு ஆவர்த்தனம் (தாளச் சுற்று). பல்லவி முடியேக்க கை தட்டுக்கு வந்து நிண்டால் சரி.

முள்ளியவளைக்காரன்:
அக்கா சொன்னதெல்லாம் சரி. ஆனால் வன்னியில இருந்துகொண்டு கோயில் மேளத்தை (நாதஸ்வரம், தவில்) விட்டிட்டுப் புத்தகத்தைத் தேடுறது எனக்கு விளங்கேல்லை. ஒட்டுசுட்டான் தான்தோன்றீச்சரம், திருக்கேதீச்சரம் எண்டு திருவிழா நடக்கிற கோயில் எல்லாம் பள்ளிக்கூடம்தான். நாதஸ்வரத்தில சொல் இல்லை, ராகம் மட்டும்தான் வரும். அதால காது வேற பக்கம் போகாது.

சுவாமி வெளிக்கிடேக்க வாசிக்கிறது மல்லாரி. சாகித்தியம் (பாட்டு வரிகள்) இல்லை, ராகம் கம்பீரநாட்டை: ஸ க3 ம1 ப நி3. இதை ஒருக்காப் பிடிச்சியள் எண்டால் வேற இடத்திலயும் வரும். திருக்கேதீச்சரத்துக்குச் சுந்தரர் பாடின 'நத்தார்படை' பதிகத்தின்ரை பண் நட்டபாடை, சம்பந்தரின்ரை 'தோடுடைய செவியன்' பதிகத்துக்கும் அதே பண்தான். இப்ப ஓதுவார்கள் நட்டபாடையைக் கம்பீரநாட்டையிலதான் பாடுகினம். மூண்டையும் ஒரே நாளில கேட்டுப் பாருங்கோ, கனகராயன்.

நிக்கிற இடம் முக்கியம். தவிலுக்குக் கிட்ட நிண்டால் நாதஸ்வரத்தின்ரை கீழ்ஸ்தாயி ஒண்டும் கேக்காது. இருபது முப்பது அடி தள்ளி, நாதஸ்வரக்காரர் நிக்கிற பக்கமா நில்லுங்கோ. ராக ஆலாபனை நடக்கேக்க தவில் இடைக்கிடைதான் சொல் போடும், அந்த இடைவெளியில ஸட்ஜத்தைப் பிடிக்கலாம். வேளைக்கே போங்கோ. நேரம் போகப் போக சினிமாப் பாட்டுக் கேக்கிற கூட்டம் முன்னுக்கு வந்திடும், பிறகு ஆலாபனைக்கு இடமில்லை. வீட்டில கேக்க அளவெட்டி என்.கே. பத்மநாதனின்ரை ஒலிப்பதிவுகளைத் தேடுங்கோ. தவிலுக்குத் தெட்சணாமூர்த்தி.

ஏட்டுச்சுரைக்காய்:
எந்தப் புத்தகம் வாங்கினாலும் குறியீடு வாசிக்கத் தெரியவேணும். முன்னுரையில இருக்கும், ஒருத்தரும் வாசிக்கிறேல்லை. ஸ்வரத்துக்கு மேல புள்ளி தாரஸ்தாயி (மேல்ஸ்தாயி), கீழ புள்ளி மந்தரஸ்தாயி (கீழ்ஸ்தாயி). காற்புள்ளி ஒரு அட்சரம் நீட்டு, அரைப்புள்ளி ரெண்டு. ஸ்வரங்களுக்கு மேல கோடு போட்டிருந்தால் ரெண்டாம் காலம் (இரட்டை வேகம்). நிமிர்ந்த ஒற்றைக் கோடு தாள அங்கம் (தாளத்தின்ரை ஒரு பகுதி) முடியிற இடம், இரட்டைக் கோடு ஆவர்த்தனம் முடியிற இடம்.

வாங்க முன்னம் ரெண்டு விசயம் பாருங்கோ. தெலுங்குக் கிருதிகளைத் தமிழில அச்சடிக்கேக்க க, ச, ட, த, ப வுக்குப் பக்கத்தில 2, 3, 4 எண்டு சின்ன எண் போட்டிருக்கோ? இல்லாட்டில் சாகித்தியம் பிழையாத்தான் வாயில வரும். மற்றது, நாட்டை ராகத்துக்கு ரிஷபம் ஷட்சுருதி (ரி3) எண்டு போட்டிருக்கோ? அங்க சும்மா 'ரி' எண்டு விட்டிருந்தால் மற்ற ராகங்களையும் அப்பிடித்தான் விட்டிருப்பினம். ஸ்தான எண் இல்லாத புத்தகத்தை வைச்சு ஒரு ராகத்தையும் சரிபார்க்க ஏலாது.

கனகராயன்:
நன்றி எல்லாருக்கும். அக்கா, கீபோட் செயலியில மோகனத்தை வாசிச்சு, தம்புராவின்ரை ஸட்ஜத்தைக் காந்தாரத்துக்கு மாத்திப் பார்த்தன். உண்மைதான், இந்தோளமாத்தான் கேக்குது. ஆனால் பழைய கச்சேரி ஒண்டோட தம்புராவைச் சேர்த்தால் ஒரு கட்டையிலயும் பொருந்துதில்லை. ஒண்டில கூடுது, இல்லாட்டில் குறையுது. செயலியில பிழையோ?

சுருதிப்பெட்டி:
செயலியில பிழை இல்லை. பழைய நாடாவை மாத்தேக்க வேகம் கொஞ்சம் கூடிக் குறைஞ்சிருக்கும், அதால சுருதி ரெண்டு கட்டைக்கு நடுவில வந்து விழும். தம்புராச் செயலியில கட்டை தெரிவுக்குக் கீழ நுண் சுருதி எண்டு ஒரு நகர்த்தி இருக்கும். கிட்டடிக் கட்டையை எடுத்து, பாடுறவர் ஸட்ஜத்தில நீட்டி நிக்கிற இடத்தை நிப்பாட்டி நிப்பாட்டிப் போட்டு நகர்த்துங்கோ. ரெண்டு ஒலியும் சேரேக்க 'உவ்வ் உவ்வ்' எண்டு வாற அலை வரவர ஆறுதலாகி நிண்டிடும். அதுதான் இடம். இந்தோளத்துக்கு ஒரு சின்ன மாற்றம்: அதில பஞ்சமம் இல்லை, அதால தம்புராவைப் பஞ்சமத்தில விடாமல் மத்திமத்துக்கு மாத்துங்கோ, உறுத்தாது. ஃபோன் ஸ்பீக்கரில இதைச் செய்ய வேண்டாம். மிருதங்கத்தின்ரை தொப்பி (கனத்த ஒலி வாற பக்கம்) சத்தமும் தம்புராவின்ரை மந்தர ஸட்ஜமும் அதில வராது. சாதாரண வயர் இயர்போன் காணும்.